எந்த வகை என்று கேட்டார்கள்

நெல் இலை பழுத்தால் மச்சான் அதில் ஒன்றைக் கிள்ளி, பேப்பரில் சுருட்டி, வாடிப்பட்டி உரக்கடைக்கு எடுத்துப் போவார். கடைக்காரர் வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது இன்ன நோய், இன்ன மருந்து, டேங்குக்கு இத்தனை மூடி என்று சொல்லிவிடுவார். இப்போதெல்லாம் இலையைக்கூட எடுத்துப் போவதில்லை. போட்டோ அனுப்பினால் பதில் வந்துவிடுகிறது. என் அக்காவைக் கட்டிய அந்த மச்சான் ஒரு நாள் மத்தியானம் தன் மகளின் வீடியோ ஒன்றை எனக்கு அனுப்பினார்.

வீடியோவில் பிள்ளை வாசல் குழாயடியில் குத்தவைத்திருந்தாள். அப்போது அவளுக்கு நாலு வயது முடிந்திருந்தது. செம்பில் தண்ணீர் மொண்டு, கையை உயர்த்தி, நூல் மாதிரி ஊற்றி, அந்த நூலில் வெயில் படுவதைத் தலை சாய்த்துப் பார்த்தாள். மறுபடி மொண்டாள். பின்னாலிருந்து அக்கா கூப்பிடுவது கேட்டது. "பாப்பா... ஏ பாப்பா... அம்மாவப் பாருடி." திரும்பவில்லை. கூப்பிடக் கூப்பிட அக்காவின் குரல் ஏறிக்கொண்டே போனது. தூரத்தில், மெயின் ரோட்டில், ஒரு பஸ் ஹாரன் அடித்தது. பிள்ளை சட்டென்று திரும்பினாள். வீடியோ அதோடு முடிந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நின்று நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"மாப்ள, பாத்தியா?"

"பாத்தேன் மச்சான்."

"இங்க டாக்டரு ஆட்டிசமா இருக்கும்ங்கிறாரு. மதுரைல பெரிய டாக்டரப் பாக்கச் சொல்லிட்டாரு. அதுல பல வகை இருக்காம்ல? இது எந்த வகைன்னு பாத்துச் சொல்லு."

"வீடியோவ வச்சு எப்புடி மச்சான் சொல்றது?"

"நீ சயின்ஸு வாத்தியாருதானய்யா. ஒனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? வகை தெரிஞ்சாத்தான மருந்து தெரியும்."

எங்கள் வீட்டில் காலேஜ் வரை போனவன் நான் ஒருவன்தான். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அக்கா எட்டோடு நின்று அம்மாவோடு நடவுக்குப் போனாள். அதனால் ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனாலும் என்னிடம்தான் வருவார்கள், மாத்திரை அட்டையின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்றாலும் என்னிடம்தான். தெரியாது என்று சொல்லிப் பழகாதவன் நான். சொல்லியிருக்கலாம். "பாத்துச் சொல்றேன் மச்சான்" என்றுதான் சொன்னேன்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. விளாங்குடியில் நான் இருக்கும் வாடகை அறை நாலு எட்டு வைத்தால் சுவரில் முட்டும். போனில் படிப்பேன், எழுந்து நடப்பேன், மாடிக்குப் போவேன், திண்டுக்கல் ரோட்டில் போகிற லாரிகளைப் பார்ப்பேன், இறங்கி வந்து மறுபடி படிப்பேன். படித்ததெல்லாம் பிள்ளையின் சாயலில் இருந்தது, எதுவும் முழுதாக அவளாக இல்லை. ஒரு பக்கத்தில் கண் பார்க்காது என்று இருக்கும். எங்கள் பிள்ளை பார்ப்பாள், ஆனால் அவளாக நினைத்தால்தான். இன்னொன்றில் பேச்சு வராது என்று இருக்கும். இவள் பேசுவாள். ஆனால் கேட்டதற்குப் பதிலாக அல்ல, எங்கோ கேட்டதைத் திரும்ப.

எனக்குப் படிக்கத் தெரிந்த விதம் ஒன்றே ஒன்று. கேள்வி: வகைகள் யாவை? விளக்குக. விடைக்கு எண் போட்டு, தலைப்புக்குக் கீழே கோடு போட்டு, மனப்பாடம் செய்ய வேண்டும். வேர்களின் வகைகளை அப்படித்தான் படித்தேன், நெம்புகோலின் வகைகளையும் அப்படித்தான். அப்படிப் படித்துத்தான் வேலைக்கே வந்தேன். ஆகவே ஆட்டிசத்தையும் கட்டம் போட்டேன். சின்ன வயதிலேயே தெரிந்து, பேச்சு வராமலோ மிகத் தாமதமாகவோ வருவது ஒன்று. பேச்சு நன்றாக வந்து, படிப்பும் வந்து, மற்றவர்களோடு கலக்க மட்டும் தெரியாமல் போவது இரண்டு. இரண்டு மூன்று வயதுவரை எல்லாப் பிள்ளையும் போல இருந்து, பிறகு வந்த பேச்சும் பழக்கமும் கழன்று போவது மூன்று. எதிலும் சேராமல் அதில் கொஞ்சம் இதில் கொஞ்சமாக இருப்பது நாலு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அதை ஒப்பித்தேன். வாடிப்பட்டியிலிருந்து உள்ளே கிளை வாய்க்காலை ஒட்டிப் போனால் அக்கா வீடு. மச்சான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். அக்கா மொச்சை உரித்துக்கொண்டே கேட்டாள். இரண்டாவது வகைக்கு வந்தபோது அவள் கை நின்றது.

"இரு இரு. பேச்சு வந்துரும்னு சொன்னியே, அது எத்தனாவது?"

"ரெண்டாவதுக்கா."

"அப்ப நம்ம பிள்ளைக்கு அதுதான். இவதான் பேசுறாள்ல? பஸ்ஸுக்காரன் மாதிரி 'சமயநல்லூர் எறங்கு, எறங்கு'ன்னு சொல்லிக்கிட்டே கெடக்குறாளே." என் முகத்தையே பார்த்தாள். "அதுதான லேசு வகை? சொல்லுடா. லேசுதான?"

"இருக்கலாம்க்கா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் போதுமாக இருந்தது. மொச்சைத் தோலை முறத்திலிருந்து உதறிவிட்டு மச்சானைப் பார்த்தாள். "கேட்டீகளா? லேசுதானாம். அப்ப வர்ற மாசியில முடி எறக்கிக் காதும் குத்திப்புடுவோம்."

எங்கள் பக்கத்தில் பிள்ளையின் முதல் முடியைக் குலசாமிக்கு இறக்கும்வரை அதில் கத்திரி படக்கூடாது. இவளுக்கு ஒரு வயதில் இறக்கப் போனபோது பங்காளி வீட்டில் சாவு விழுந்து தீட்டாகிவிட்டது. அடுத்த வருஷம் தலையில் தண்ணீர் தெளித்து விரல் வைத்ததுமே கத்த ஆரம்பித்தாள். கத்திக் கத்தி வாந்தி எடுத்துத் துவண்டு போனாள். சாமி வேண்டாமென்கிறது என்று திரும்பிவிட்டார்கள். முடி இடுப்புக்கு இறங்கிச் சிக்கு விழுந்து கிடந்தது. சீப்பைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அவள் தூங்கிய பிறகு அக்கா விரலால் ஒவ்வொரு இழையாகப் பிரிப்பாள். காதும் குத்தாமல் மூளியாக இருந்தது. அதைப் பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள்.

முடி இறக்குவதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் நடக்கும். அந்தத் தாய்மாமன் நான். அவளோ யார் மடியிலும் உட்கார மாட்டாள். தூக்கினால் மீன் மாதிரி நழுவுவாள். என்னோடு அவள் வைத்திருந்த உறவு வேறு மாதிரி. நான் தரையில் உட்கார்ந்திருந்தால் பின்பக்கமாக வந்து தன் முதுகை என் முதுகில் வைத்து அழுத்துவாள். முகம் பார்க்க மாட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

மதுரை டாக்டரைப் பார்க்கும் நாள் வந்தது. பிள்ளைக்குப் பஸ் ஆகாது என்று மச்சான் பைக்கிலேயே கூட்டிக்கொண்டு வந்தார். விளாங்குடியிலிருந்து நான் முன்னால் போய் வழி காட்டினேன். டாக்டரின் காத்திருப்பு அறையில் உட்கார முடியாமல் நான் சுவரோரமாக நின்றேன். அங்கிருந்த பிள்ளைகளை என் கட்டங்களில் போடுவதுதான் என் வேலையாக இருந்தது. யூனிபார்ம் போட்ட ஒரு பையன் ஒவ்வொருவரிடமாகப் போய் எந்த ரயில் எந்த பிளாட்பாரத்தில் வரும் என்று பிசிறில்லாமல் சொன்னான். இவன் இரண்டு. இன்னொருவன், பெரிய உடம்பு, பேச்சே இல்லை. மடியில் ஒரு போனை வைத்து அதில் இருந்த படங்களை அழுத்தினான். தண்ணி படத்தை அழுத்தினால் போன் "தண்ணி" என்றது, அவன் அம்மா பாட்டிலைக் கொடுத்தாள். இவன் ஒன்று. சரியாகத்தான் படித்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

அப்போது நர்ஸ் வந்து டோக்கன் வரிசையை மாற்றி ஒருவரை முன்னால் கூப்பிட்டார். ரயில் பையன் அப்படியே தரையில் விழுந்தான். தலையைத் தரையில் மோதினான். அவன் அம்மா பதறவில்லை. தன் உள்ளங்கையைத் தரைக்கும் அவன் தலைக்கும் நடுவில் கொடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு மோதலும் அவர் கையில் விழுந்தது. பேச்சே இல்லாத பையன் தன் போனில் ஏதோ அழுத்தினான். "போதும்" என்றது போன். அதைத் தரையில் கிடந்தவன் பக்கமாக நீட்டினான்.

அடங்கியதும் ரயில் பையனின் அம்மா கையை உதறிக்கொண்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். திருநகரிலிருந்து வருவதாகச் சொன்னார்.

"லேசுன்னாங்களேம்மா இந்த மாதிரிப் பிள்ளைகள" என்றாள் அக்கா, என்னை ஒரு பார்வை பார்த்து.

"எல்லாரும் இவன லேசுன்னுதான் சொல்லுவாங்க. சொல்றவங்க எங்க வீட்ல ஒரு நாள் வந்து இருந்து பாக்கணும்."

இதற்குள் எங்கள் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கதவைப் பார்த்து "சமயநல்லூர் எறங்கு, எறங்கு" என்று ஆரம்பித்திருந்தாள். அக்கா "சும்மா இருடி" என்றாள். திருநகர் அம்மா கேட்டார்: "இது எப்பருந்து சொல்றா? பஸ்ஸுல எதுவும் நடந்துச்சா?"

அக்கா யோசித்தாள். போன தீபாவளிக் கூட்டத்தில் பஸ்ஸில் நசுங்கி, யாருடைய பையோ முகத்தில் இடித்து, பிள்ளை கதறியதில், சமயநல்லூரில் நின்றதும் கண்டக்டரே எறங்கு எறங்கு என்று இறக்கிவிட்டிருக்கிறார். வீடு இன்னும் தூரம். வேறு பஸ் பிடித்து வந்தார்களாம்.

"அப்ப வெளிய போகணும்ங்கிறா. கூட்டிட்டுப் போய்ப் பாருங்க."

அக்கா கூட்டிக்கொண்டு போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு நின்றாள் பிள்ளை. அக்காதான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா முதலில் காது கேட்கும் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து பிள்ளையோடு வெகு நேரம் விளையாடினார். தூக்கம், சாப்பாடு, சத்தம், தலை சீவுவது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் மச்சான் போனில் அந்த வீடியோவை நீட்டினார்.

"இது எந்த வகைங்க டாக்டர்?"

"முன்னாடி தனித்தனியா பேர் வச்சிருந்தாங்க. இப்ப எல்லாத்தையும் சேத்து ஆட்டிசம்னுதான் சொல்றோம். ஏன்னா அந்தக் கட்டத்துக்குள்ள எந்தப் பிள்ளையும் சரியா உக்காரல." நான் என் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டேன். கட்டம் போட்ட தாள் அதில்தான் இருந்தது. "இப்ப பாக்குறது, பிள்ளைக்கு எவ்வளவு துணை வேணும்ங்கிறதுதான். அதுவும் எல்லாத்துலயும் ஒரே அளவு இருக்காது. உங்க பிள்ளைக்குப் பேச்சுல கொஞ்சம் வேணும். சத்தம், தொடுறது, கூட்டம், இதுல நிறைய வேணும். வளர வளர மாறும்."

"அப்ப மருந்து?"

"இதுக்குன்னு மருந்து இல்லைங்க. பயிற்சி இருக்கு. வாராவாரம் கூட்டிட்டு வரணும்." அக்காவைப் பார்த்து, அவள் கேட்காமலே சொன்னார்: "நீங்க செல்போன் குடுத்ததால வந்ததில்லம்மா. நீங்க செஞ்ச எதாலயும் வந்ததில்ல."

நான் முடி இறக்குவதைப் பற்றிக் கேட்டேன். "சாமி விஷயத்துல நான் என்ன சொல்ல? ஆனா நாலு பேர் புடிச்சு அமுக்கி எதையும் செஞ்சிராதீங்க. அப்பறம் யாரையும் கிட்ட விடமாட்டா" என்றார்.

வெளியே டீக்கடையில் நிறுத்தினோம். நான் கிளாஸோடு இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"டாக்டரம்மா சொன்னது சரித்தான்" என்றாள் அக்கா. "ஆனா நான் நேந்துருக்கேன்டா."

"என்னன்னு?"

"முடி எறக்குறேன், காது குத்துறேன், ஒரே ஒரு வாட்டி என்னையக் கூப்புட வையின்னு. ஊர்ல உள்ள பஸ்ஸு ஸ்டாப்பெல்லாம் சொல்றா. அம்மாங்கல இன்னும்."

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீ மடியில வச்சுப் புடிச்சுக்கிருவியா, மாட்டியா?"

"அவளா உக்காந்தா வச்சுக்கிறேன். புடிச்சு அமுக்க மாட்டேன்க்கா."

"அப்ப நீ மாமனே இல்ல, போடா."

அதற்குப் பிறகு அவள் எனக்குப் போன் செய்யவில்லை. நான் செய்தால் மச்சான் எடுப்பார். வாராவாரம் பயிற்சிக்கு வந்து போனார்கள். விளாங்குடியைத் தாண்டித்தான் போக வேண்டும், என் அறைக்கு வரவில்லை. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே நிறுத்திவிடுவேன். பின் பெஞ்சில் எப்போதும் ஜன்னலைப் பார்க்கிற ஒரு பையனைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவனை எத்தனை முறை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன் என்று மனதில் ஓடும்.

தை பிறந்த பிறகு ஒரு நாள் மச்சான் கூப்பிட்டார். "மாப்ள, ஒரு யோசன. பொம்பளைக பூ முடி குடுக்குறாகள்ல, அது மாதிரி மூணு இடத்துல நுனிய நறுக்கிக் குடுத்தா சாமி ஏத்துக்காதா? பூசாரியக் கேட்டேன். ஏத்துக்கிருமாம். காது மட்டும் குத்தியே ஆகணும்ங்கிறா ஒங்கக்கா. ஆனா மாமன் வேணுமாம் பூசாரிக்கு. வாரியா?"

"வாரேன் மச்சான்."

அதிலிருந்து ஞாயிறுதோறும் போனேன். பயிற்சி கொடுப்பவர் முதலில் கத்திரியின் சத்தத்தைப் பழக்கச் சொல்லியிருந்தார். மச்சான் தூரத்தில் உட்கார்ந்து தென்னையோலையை நறுக்குவார். பிள்ளை பார்ப்பாள். அடுத்த வாரம் கொஞ்சம் பக்கத்தில். ஒரு வாரம் அவள் வந்து என் முதுகில் முதுகு வைத்துக்கொண்டாள், மச்சான் அவள் காதோரமாக நூலை நறுக்கினார். சிரித்தாள். அக்கா அடுப்படியிலிருந்தே பார்த்தாள். என்னிடம் பேசாவிட்டாலும் சோறு போட்டாள்.

சிவராத்திரிக் கூட்டம் வேண்டாமென்று அதற்கு முந்திய ஒரு புதன்கிழமை காலையில் கோயிலுக்குப் போனோம். கண்மாய்க் கரையில் நாலு மரத்தடியில் இருக்கிற சாமி. யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தோம். அங்கே வேறொரு வீட்டார் கிடாவோடும் உறுமிமேளத்தோடும் வந்திருந்தார்கள். மச்சான் ஓடிப்போய்க் கும்பிட்டுச் சொன்னார், எங்கள் வேலை முடியும்வரை அடிக்க வேண்டாமென்று. சரி என்றார்கள்.

நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பிள்ளை மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். சொந்தக்காரர்கள் "புடிச்சு உக்கார வைங்கப்பா" என்றார்கள். யாரும் பிடிக்கவில்லை. கடைசியில் அவளாக வந்து என் பின்னால் உட்கார்ந்து முதுகை வைத்து அழுத்தினாள்.

முடி வெட்ட வந்தவர் கத்திரியோடு நின்றார். "என்னங்க இது? மடியிலல்ல உக்காரணும்?"

மச்சானின் அப்பா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "முதுகும் அதே மாமன் முதுகுதான்யா. நீ நறுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். கத்திரிச் சத்தம் கேட்டது. ஒன்று. அவள் முதுகு இறுகியது, விலகவில்லை. இரண்டாவது. காது குத்துகிற ஆசாரி தன் டப்பாவைத் திறந்து ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது அந்த வீட்டாரில் யாருக்கோ அருள் வந்துவிட்டது. சொல்லி வைத்ததெல்லாம் மறந்து உறுமி எழும்பியது. என் முதுகிலிருந்து சூடு விலகியது. திரும்பினேன். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள். எப்போதும் காற்றைப் பார்த்துச் சொல்கிறவள், கூட்டத்தில் தேடி, அக்காவிடம் போய் அவள் சேலையை இரண்டு கையாலும் பிடித்து, "சமயநல்லூர் எறங்கு" என்றாள். "எறங்கு, எறங்கு."

"இன்னும் ஒண்ணுதான். அமுக்கிப் புடி தாயி" என்றார் பூசாரி. "அப்படியே காதையும் முடிச்சிரலாம்" என்றது ஒரு குரல். ஒரு கை பிள்ளையின் தோளில் விழுந்தது.

அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"எறங்கிருவோம்டி. இந்தா, எறங்கிருவோம்." குனிந்து அவளிடம் சொல்லிவிட்டு, தன் கொண்டையை அவிழ்த்து நுனியைக் கத்திரிக்காரரிடம் நீட்டினாள். "மூணாவதுக்கு என் முடிய நறுக்குங்க. சீக்கிரம்."

"அதெப்படித்தா, நேந்தது பிள்ளைக்கில்ல?" என்றார் அவர்.

"நேந்தது நானு. நறுக்குங்கய்யா."

அவர் நறுக்கினார். அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்மாய்க் கரை ஏறி இறங்கிவிட்டாள். ஆசாரி மச்சானைப் பார்த்தார். மச்சான் வேண்டாமென்று தலையை ஆட்டினார். டப்பா மூடியது.

நான் கொஞ்சம் பொறுத்துப் போனேன். மறுபக்கம் உறுமிச் சத்தம் பாதிதான் கேட்டது. மடை வாய்க்காலில் பிள்ளை இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி வெயிலில் ஒழுகவிட்டாள். அக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தாள், தலை அவிழ்ந்தபடி. நான் அவளுக்குப் பின்னால் வரப்பில் அங்கேயும் இங்கேயும் நடந்தேன். சாமிக்குற்றம் என்பார்களே, மூளிக் காது என்பார்களே, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு என்ன செய்வது, எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது.

வெகு நாளுக்குப் பிறகு அக்கா என்னிடம் பேசினாள்.

"டே. அம்புட்டுப் பேரு நின்னாங்கள்ல. என்னையப் பாத்துத்தானடா சொன்னா?"

"ஆமாக்கா. ஒன்னையத் தேடி வந்து சொன்னா."

அவள் மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிள்ளை இன்னொரு கை தண்ணீர் அள்ளினாள்.

"நடந்துக்கிட்டே இருக்காதடா, அவ மெரளுவா. உக்காரு."

உட்கார்ந்தேன்.